ஒட்டுறவுக் கெழு

மறுபடியும் அதே சனியன் வந்து கட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டது. ஹேஷ், டிவ், சாய்கோடு, பூஜ்யம், கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி. பூஜ்யத்தால் வகுக்கப் பார்க்கிறாயே மடையா என்று எக்செல் கேட்கிறதாம். யாரை? செழியனை. கம்பெனியில் எக்செல் செழியன் என்று பேர் வாங்கியவனை, எந்த லாரி எந்தச் செக்போஸ்ட்டில் எவ்வளவு நேரம் நின்றது என்பதைக் கலர் கலராகக் கட்டம் போட்டுக் காட்டி மேனேஜரையே வாயைப் பிளக்க வைத்தவனை. சனிக்கிழமை மத்தியானம், மேடவாக்கம் ஃபிளாட்டில் ஃபேன் சுற்றுகிறதே தவிர காற்றைக் காணோம், பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, சாப்பிட்ட தட்டை நகர்த்திவிட்டு அதே மேஜையில் லாப்டாப்பைத் திறந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை, கட்டைவிரலில் ரசம் காய்ந்து பிசுபிசுக்கிறது, அந்த விரலாலேயே தட்டித் தட்டி ஸ்பேஸ் பார் கறை பிடித்துவிட்டது. சாயங்காலம் அக்கா போன் பண்ணுவாள். அதற்குள் ஒரு எண் வந்தாக வேண்டும். ஒன்றே ஒன்று. அது வந்துவிட்டால் பொற்கொடி அக்காவின் வாயை அடைத்துவிடலாம். ஹாலில் சோபாவில் சாய்ந்திருந்த மங்கை போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, “கூடப் பொறந்தவளை ஜெயிக்கிறதுக்கு ஃபார்முலா போட்ட ஒரே ஆளு நீங்கதான்” என்றாள். அவன் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டான். கட்டின பெண்டாட்டி சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டால் அப்புறம் பதில் சொல்ல வேண்டும், பதில் சொன்னால் வேலை கெடும்.

என்ன கேட்டுவிட்டான் பெரிதாக? ரெண்டு வரிசை எண்கள். ஒன்றில் அப்பாவின் பிரஷர், பெரியகுளத்திலிருந்து அப்பா தினமும் சாயங்காலம் போனில் சொல்லச் சொல்ல இவன் ஏற்றி வந்தது. இன்னொன்றில் அக்கா அங்கே வந்துபோன நாளுக்கு ஒன்று, வராத நாளுக்குப் பூஜ்யம். இன்னைக்கு அக்கா வந்தாப்பா என்று அப்பா சொல்லும்போதெல்லாம் ஓரத்துக் கட்டத்தில் ஓர் ‘அ’ போட்டு வைத்திருந்தான், எதற்கென்று தெரியாமலே போட்டது, இப்போது எல்லா ‘அ’வையும் ஒன்றாக மாற்றியாகிவிட்டது. ரெண்டு வரிசைக்கும் நடுவே கோரல் என்று ஒரு ஃபங்ஷன். ஒன்று ஏறினால் மற்றதும் ஏறுகிறதா என்று பார்த்து ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். பிளஸ் டூவில் இதற்குப் பேர் ஒட்டுறவுக் கெழு. தமிழ் மீடியத்தில் அந்த வார்த்தை வந்த அன்றைக்கு வகுப்பே சிரித்தது, ஒட்டும் இல்ல உறவும் இல்ல, கெழு மட்டும் எதுக்கு சார் என்று எவனோ கடைசி பெஞ்சிலிருந்து கேட்டான். போன வாரம் அக்காவும் அதைத்தானே சொன்னாள். “அவரைத் தனியாப் போட்டு வெச்சுக்கிட்டு சென்னையில உக்காந்து போன்ல மகனா இருக்கியே, வெக்கமா இல்ல உனக்கு? அவரை அனுப்ப மாட்டேன்னா உன்கூட எனக்கு ஒட்டும் வேணாம் உறவும் வேணாம்.” மகனா இருக்கியே. என்ன வார்த்தை! மாமாவுக்குத் தேனிக்கு மாற்றலாகி வந்தது போன ஆனியில், அதுவரைக்கும் ஒசூரில் இருந்துகொண்டு தீபாவளிக்குத் தீபாவளி வேட்டி சட்டை அனுப்பினவள் இவள், வந்த மறுநாளிலிருந்து அப்பாவுக்குத் தலை சுத்துது, அப்பா நடை தள்ளாடுது, அப்பாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, கார் எடுத்துக்கொண்டு போய் நிற்கப்போகிறாளாம். ஊரில் என்ன பேசுவார்கள்? டைம் கீப்பர் கதிர்வேலு, பெற்ற மகன் இருக்கும்போதே மகள் வீட்டுச் சோற்றுக்குப் போய்விட்டார் என்று பேச மாட்டார்களா? அப்பாவுக்கே அது பிடிக்கவில்லை, மக வீட்டுல போய் உக்கார்றதாப்பா என்று அவரே கேட்டார். அக்கா போகிற அன்றைக்கெல்லாம் அப்பாவை நச்சரித்து, அதைத் தொடாதே இதைத் தின்னாதே என்று படுத்தி எடுத்து, அதனால்தான் அவருக்குத் தலை சுத்துகிறது. இது செழியனின் முடிவு. முடிவு இருக்கிறது, ஆதாரம்தான் பாக்கி.

முதல் கோளாறு எதனால் என்று சட்டென்று பிடித்துவிட்டான், அதில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. நூத்திமுப்பது சாய்கோடு எண்பது என்று ஒரே கட்டத்தில் ஏற்றி வைத்தது, அதிலிருந்து முதல் மூன்று எழுத்தை மட்டும் வெட்டி எடுத்தால் வருவது எண் இல்லை, எண் வேஷம் போட்ட எழுத்து. அது கட்டத்தின் இடது ஓரமாகத்தான் ஒண்டி நிற்கும், அசல் எண் வலது பக்கம் போய் நிற்கும். கோரலுக்கு எழுத்தென்றால் ஆகாது, இல்லாத மாதிரியே தாண்டிப் போய்விடும், எல்லாவற்றையும் தாண்டிவிட்டு ஒன்றுமே இல்லையே, பூஜ்யத்தால் எப்படி வகுப்பேன் என்று கத்தும். வேல்யூ என்று ஒரு வார்த்தை சேர்த்து எண்ணாக மாற்றினான். மொத்த வரிசையும் ஒரு துள்ளுத் துள்ளி வலது ஓரத்துக்குப் போனது. அப்பாடா என்று என்டரைத் தட்டினான். ஹேஷ், டிவ், பூஜ்யம். இதென்னடா வம்பு! எங்கேயோ ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகத் தட்டிப் பார்த்தான், முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை. ‘அ’ போட்ட வரிசையில் ஏதாவது தப்பா? அங்கே ஒன்றும் பூஜ்யமும் ஒழுங்காக, வலது பக்கமாகத்தான் நிற்கின்றன. ஒரு வரிசை நீளம், ஒரு வரிசை குட்டையா? அப்படி இருந்தால் வேறு எரர் வரும், இது வராது. பேரை மாற்றி வேறு ஷீட்டில் ஒட்டினான், லாப்டாப்பை அணைத்துப் போட்டான், அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிற ஆட்களை ஆபீஸில் எத்தனை தடவை நக்கல் அடித்திருக்கிறான். ஹேஷ், டிவ், பூஜ்யம், அப்புறம் அந்த ஆச்சரியக்குறி. அதை யார் அங்கே வைத்தது, அதுதான் எரிச்சல், வர மாட்டேன் என்றால் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே, என்ன ஆச்சரியம் வேண்டிக் கிடக்கிறது.

தலை சுத்துது என்று அக்கா சொன்ன வார்த்தை மட்டும் போகவே இல்லை, ரசம் மாதிரி விரலிலேயே நிற்கிறது. பக்கத்து சீட் ஜெபராஜின் அப்பா பாத்ரூமில் விழுந்து கிடந்தார், திறந்து பார்த்தபோது குழாய் அப்படியே ஓடிக்கொண்டிருந்ததாம், பக்கெட் நிறைந்து வழிந்து வாசல் வரைக்கும் ஈரம், அதை வைத்துத்தான் எதிர்வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். ஜெபராஜ் இதைச் சொல்லும்போது டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை. பெரியகுளத்து வீட்டிலும் பாத்ரூம் தரை வழவழப்பு, மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறான். அப்படி ஒன்றும் ஆகாது. ஆகாது என்று எதை வைத்துச் சொல்கிறாய்? இதை வைத்துத்தான், இந்த ஷீட்டை வைத்துத்தான். எவன் வைத்திருக்கிறான் இப்படி ஒரு ஷீட்? தெருவில் அத்தனை பேர் பிள்ளைகளும் அமெரிக்கா சிங்கப்பூர் என்று போனார்களே, ஒருத்தனாவது அப்பன் பிரஷரைத் தினமும் கேட்டு ஏற்றுகிறானா? ஆபீஸ் விட்டு மேட்லி சப்வேயில் பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகி, சாப்டீங்களாப்பா, சாப்டாச்சுப்பா, பிரஷர், நூத்திமுப்பது எண்பது, சரிப்பா வெச்சிர்றேன். சிக்னல் விழுவதற்குள் பேச்சு முடிந்துவிடும். அப்பா பிரஷரா, கட்டுக்குள்ள இருக்கு, நான்தான் மானிட்டர் பண்றேன் என்று கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறான், மானிட்டர் என்கிற வார்த்தையைச் சொல்லும்போது தோள் தானாக நிமிரும். ஆடியில் இங்கே ஒரு டாக்டரிடம் இந்த ஷீட்டைக் காட்டினானே, அவரே அசந்துபோய், ரொம்ப ஸ்டெடியா இருக்கே, மாத்திரையைப் பாதியாக்கிரலாம் என்றார். பாதியாக்கியும் ஏறவில்லை. அக்காவிடம் அதையும் சொன்னான். அவள், “எனக்கு எண்ணெல்லாம் தெரியாதுடா தம்பி, அவர் எந்திரிக்கும்போது செவுத்தைப் பிடிக்கிறாரு, அது எனக்குத் தெரியும்” என்றாள். எண் தெரியாதவளிடம் என்ன பேச முடியும்.

சரி, கோபப்படாமல் பார்ப்போம், கோபப்பட்டால் ஃபார்முலா வராது, இது அவனே ஆபீஸில் சொல்லிக்கொடுப்பது. முதலில் வரிசை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சராசரி போட்டான். நூற்று முப்பது. பார், எழுத்தாக இருந்தால் சராசரி வருமா? நூற்று முப்பது, பின்னால் புள்ளியோ பிசிறோ ஒன்றும் இல்லை. நன்றாகத்தானே இருக்கிறது. அப்புறம் ஏன் கோரல் மட்டும் அடம் பிடிக்கிறது? ஆபீஸில் ஒரு வழி உண்டு, எங்கே கோளாறு என்று தெரியாவிட்டால் ஒரு கட்டத்தில் மட்டும் வேண்டுமென்றே எண்ணை மாற்றி, அடியில் ஏதாவது அசைகிறதா என்று பார்ப்பது. அக்கா வந்துபோன ஒரு நாளைப் பிடித்து, நூற்று முப்பதை அழித்துவிட்டு நூற்று முப்பத்தொன்று என்று அடித்தான். எரர் போய்விட்டது. ஹேஷும் இல்லை டிவ்வும் இல்லை, சாதுவாக ஒரு தசம எண், கொஞ்சம்தான், ஆனால் கூட்டல் பக்கம். அக்கா வந்தால் அப்பாவுக்கு ஏறுகிறது என்று எக்செல்லே சொல்கிறது! கையைத் தட்டப் போனான். பழையபடி நூற்று முப்பது என்று போட்டான். எரர். முப்பத்தொன்று. எண் வந்தது. முப்பது. எரர். இன்னும் நாலைந்து ‘அ’ நாளில் நூற்று ஐம்பது என்று போட்டால் எண் எங்கேயோ போய்விடும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் அக்காவுக்கு என்ன தெரியப்போகிறது, எண் தெரியாதவள்தானே. விரல் கட்டத்தின் மேலேயே நின்றது. நின்ற அந்த இடத்தில்தான் முதல் தடவையாகக் கட்டத்தை விட்டுவிட்டு எண்ணைப் பார்த்தான்.

இவ்வளவு நேரமும் கட்டத்தைத்தான் பார்த்தான், இடமா வலமா என்று பார்த்தான், ஸ்பேஸ் இருக்கிறதா என்று பார்த்தான், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவே இல்லை. நூற்று முப்பது. கீழே நூற்று முப்பது. அதற்கும் கீழே நூற்று முப்பது. உருட்டினான், ஆனி ஆடி ஆவணி புரட்டாசி, எங்கே நிறுத்தினாலும் நூற்று முப்பது. ஒன்று ஏறும்போது மற்றது ஏறுகிறதா என்று கேட்டால், ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, அசையவே அசையாத ஒன்றோடு எதை ஒட்டுவது, எதை உறவாக்குவது. ஃபார்முலாவில் ஒரு குற்றமும் இல்லை. அட கடவுளே, செத்த பிணத்துக்கு வேண்டுமானால் இப்படி இருக்கும், உயிரோடு இருக்கிற எந்த மனுஷனுக்கு ரத்தம் தினமும் ஒரே அளவில் ஓடும்? தினம் கேட்டானே! சிக்னலில் நின்று கேட்டானே! அக்கா தேனிக்கு வந்த நாளிலிருந்துதான் கோரலுக்குக் கொடுத்திருந்தான், அதற்கு மேலே போய்ப் பார்த்தான். மேலே வைகாசி, சித்திரை, நூற்று முப்பது, நூற்று முப்பது. பங்குனியில்தான் எண்களுக்கு உயிர் வந்தது, நூற்று நாற்பத்திரண்டு, நூற்று ஐம்பத்தாறு, நூற்று முப்பத்தெட்டு, ஏறுகிறது, இறங்குகிறது, மூச்சு விடுகிறது. கடைசியாக ஒரு நூற்று எழுபத்தாறு. அதற்கு அடுத்த நாள் நூற்று முப்பது. அந்த நூற்று எழுபத்தாறு அவனுக்கு ஞாபகம் இருக்கிறது, ஏன் இல்லாமல்? கருவாட்டுக் குழம்பு. எதிர்வீட்டு அன்னக்கிளியக்கா ஒரு கிண்ணம் கொடுத்தாளாம், அப்பா ஊற்றிச் சாப்பிட்டுவிட்டார், இவன் பைக்கை ஓரம் கட்டி நடுரோட்டில் கத்தினான், நாக்கை அடக்க முடியலன்னா எதுக்கு மாத்திரை, எதுக்கு மெஷின், உங்களுக்கு ஒண்ணுன்னா ராத்திரியோட ராத்திரியா ஓடி வர்றது யாரு, நானா உங்க கருவாடா? அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. மறுநாள் நூத்திமுப்பது எண்பது என்றார், பாத்தீங்களா, சொன்னபடி கேட்டா எப்படி இருக்குன்னு என்று இவன் பெருமையாகச் சொன்னான். மறுநாளும் அதுவே. சாப்டீங்களா என்றால் சாப்டாச்சு என்கிற மாதிரி, பட்டினி கிடந்தாலும் சாப்டாச்சு என்றுதானே நம் ஊரில் சொல்வது, அந்த மாதிரி பிரஷர் என்றால் நூத்திமுப்பது எண்பது. அதை நம்பி மாத்திரையைப் பாதியாக்கினான். எந்திரிக்கும்போது செவுத்தைப் பிடிக்கிறாரு. பாவி. பாவி. யாரைத் திட்டுகிறோம் என்றே தெரியாமல் திட்டினான், கை போனைத் தேடியது.

“என்னப்பா செழியா, இந்நேரத்துல? சாப்டியா?”

“சாப்டாச்சுப்பா. நீங்க?”

“சாப்டாச்சு.”

பின்னால் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, யாரோ ஒருத்தி அழுதுகொண்டே பேசினாள். “அப்பா, இப்ப பிரஷர் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

“காலையிலயே பாத்துட்டேன்ப்பா. நூத்திமுப்பது...”

“இப்பப் பாருங்கப்பா. மெஷினை எடுத்துக் கட்டுங்க.”

அப்பா, “இரு, கட்டறேன்” என்றார். “ம்... கட்டிட்டேன். இரு... ஏறுது... ஏறுது...” செழியன் கண்ணை மூடிக்கொண்டான். அந்த மெஷினை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான், பட்டனை அமுக்கினால் ரீங்காரம் போடும், பட்டை கையை இறுக்கும், முடிந்ததும் கூவும். டி.வி.யில் அழுகிறவளைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. எழுபத்தெட்டு வயது மனுஷன் வெறுங்கையைப் பிடித்துக்கொண்டு, ஏறுது ஏறுது என்று பிள்ளைக்கு நாடகம் போட்டுக் காட்டுகிறார். பஸ் டிப்போவில் வண்டி ஒரு நிமிஷம் தாமதமானாலும் தாமதம் என்று போட்டுவிடுகிற ஆள், டிரைவர்கள் கெஞ்சினாலும் மாற்றி எழுதாத ஆள். “ஆங், வந்துருச்சு. நூத்திமுப்பது எண்பது. நல்லாத்தான் இருக்கு.”

“மெஷின் எங்கப்பா இருக்கு?”

அப்பா செருமினார்.

“அப்பா.”

“பரண்ல இருக்குப்பா” என்றார். “கட்டினா என்ன வருமோன்னு இருக்கு. அது ஒண்ணு வந்துட்டா உன்கிட்ட சொல்லணும். உனக்கு ஆயிரம் வேலை.”

“உசிரோட விளையாடறீங்களா? அரை மாத்திரை போட்டுக்கிட்டு இருக்கீங்க, யார் சொல்லி? நீங்க சொன்ன பொய்க் கணக்கை வெச்சு! தினமும் ஒரே நம்பர் சொன்னா நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? எனக்கு என்ன தெரியும் அங்க?” மங்கை எழுந்து வந்து கதவோரம் நின்றாள், அவள் நின்றதைப் பார்த்த பிறகுதான் கத்திக்கொண்டிருப்பது தெரிந்தது, பங்குனியில் நடுரோட்டில் கத்தின அதே குரல், ஒரு மாத்திரை குறையவில்லை. வாயை மூடிக்கொண்டான். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு தணிவாக, “தலை சுத்துதாப்பா?” என்று கேட்டான்.

“எந்திரிக்கும்போது லேசா. வயசாச்சுல்ல.”

“இன்னைக்கு ராத்திரியிலேர்ந்து முழு மாத்திரை போடுங்க. நான் டாக்டர்கிட்டப் பேசிட்டு மறுபடி கூப்பிடறேன். நாளைக்கு அக்கா கார் எடுத்துட்டு வருவா. அவகூடக் கிளம்பிப் போயிருங்க.”

டி.வி. நின்றது. “நீதானப்பா போக வேணாம்ன.”

“இப்ப நானே சொல்றேன். போங்கப்பா.”

“ஒரே நம்பராச் சொன்னதுக்கா?”

“அதுக்கில்லப்பா...” என்று ஆரம்பித்தான், எதற்கு என்று எப்படிச் சொல்வது, எந்தக் கட்டத்திலிருந்து சொல்வது. அக்காவின் அழைப்பு குறுக்கே வந்து காதுக்குள் விட்டு விட்டு ஒலித்தது. அப்பாதான் அவசரமாகப் பேசினார், குரலை இறக்கி, மேலதிகாரியிடம் பேசுகிற பவ்யத்தோடு.

“நாளையிலேர்ந்து மாத்தி மாத்திச் சொல்றேன்ப்பா. ஒரு நாளைக்கு நாப்பது, ஒரு நாளைக்கு இருவத்தஞ்சு. உனக்கு எது தோதுப்படுமோ சொல்லு, அப்படியே சொல்லிர்றேன். என்னை இங்கயே விட்டுரு.”